இங்கிலாந்தில் ஊர் நாடகக் குழுவில் மியூசிக்கல் பாட: கோரஸில் தொடங்குங்கள்

இங்கிலாந்தில் ஓரளவு பெரிய ஊர் எதை எடுத்துக்கொண்டாலும் அங்கே ஓர் அமெச்சூர் நாடகக் குழு இருக்கும். பகலில் வங்கியிலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் வேலை பார்ப்பவர்கள் வாரம் ஒன்றிரண்டு மாலை தேவாலய மண்டபத்தில் கூடுவார்கள். சில மாதங்கள் பாடி ஆடிப் பழகுவார்கள். அப்புறம் ஊர்த் தியேட்டரை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து 'ஓக்லஹோமா', 'ஆலிவர்', 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' மாதிரி பழைய மியூசிக்கல் (பாட்டும் ஆட்டமுமாகப் போகும் நாடகம்) ஒன்றை முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு போடுவார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. சேருகிறவர்தான் சந்தா கட்ட வேண்டும்.

நம்மவர்கள் பலர் இந்த ஊர்களில் வருடக்கணக்கில் வாழ்ந்தும் அந்த மண்டபத்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. முறையாகப் பாட்டு கற்றதில்லை, உச்சரிப்பு சரியிருக்காது, அது அவர்கள் உலகம் என்று மூன்று காரணம் சொல்வார்கள். மூன்றையும் நான் ஏற்கமாட்டேன். வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போடுவது நமக்கும் பழைய பழக்கம்தான். பின்னாளில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்த பம்மல் சம்பந்த முதலியார், 1891-இலேயே சென்னையில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அதுவும் அமெச்சூர் குழுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முக்கிய வேடத்தை மனத்தில் வைத்துப் போகாதீர்கள், கோரஸுக்கு, அதாவது சேர்ந்து பாடி ஆடும் கூட்டத்துக்குப் போங்கள். பழைய மியூசிக்கல்களின் கனமே கோரஸில்தான் இருக்கிறது. கற்றுக்கொள்ளவும் அதைவிட நல்ல இடம் கிடையாது.

1. முதலில் ஒரு ஷோ பாருங்கள்

குழுவைத் தேடுவது சுலபம். ஊர்ப் பெயரோடு 'ஆப்பராட்டிக் சொசைட்டி' அல்லது 'மியூசிக்கல் தியேட்டர்' என்று தேடினாலே வந்துவிடும். 1899-இல் தொடங்கிய 'நோடா' என்ற தேசிய அமைப்பில் நாடு முழுக்க உள்ள அமெச்சூர் குழுக்கள் உறுப்பினராக இருக்கின்றன. அவர்கள் தளத்தில் வட்டாரவாரியாகத் தேடலாம். பெயரில் 'ஆப்பராட்டிக்' என்று இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். பல குழுக்கள் வரிகள் எழுதிய கில்பர்ட், இசையமைத்த சலிவன் இருவரின் இலகு ஆப்பராக்களைப் பாடத் தொடங்கி, பின்னால் அமெரிக்க மியூசிக்கல்களுக்கு வந்தவை. பழைய பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டு மூன்று குழுக்கள் எட்டும் தூரத்தில் இருந்தால், சேரும் முன் ஒவ்வொன்றிலும் ஒரு ஷோ பார்த்துவிடுங்கள். கதாநாயகியை மறந்துவிட்டுப் பின்வரிசையைப் பாருங்கள். அங்கே நிற்பவர்கள் கதையில் இருக்கிறார்களா, சும்மா நிற்கிறார்களா? இருபது வயதும் எழுபது வயதும் கலந்திருக்கிறார்களா? பின்வரிசைக்கு உயிர் இருக்கிறது என்றால் அந்த டைரக்டர் கோரஸை மதிக்கிறார் என்று அர்த்தம். அந்தக் குழுவில் சேரலாம்.

2. சேரும் முன் கேட்க வேண்டியவை

செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். ஆண்டுச் சந்தா எவ்வளவு, ஒவ்வொரு ஷோவுக்கும் தனிக் கட்டணம் உண்டா, உடை வாடகை யார் தலையில் விழும், ஒத்திகை எந்தெந்த நாள், எத்தனை ஒத்திகையைத் தவறவிட்டால் ஷோவிலிருந்து நீக்குவார்கள், ஆளுக்கு இத்தனை டிக்கெட் விற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்களா, கோரஸுக்கு ஆடிஷன் உண்டா. இதையெல்லாம் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெரும்பாலான குழுக்கள் முதல் இரண்டு மூன்று ஒத்திகைகளுக்குச் சும்மா வந்து பார்க்கவும் விடுவார்கள்.

எந்த நாட்டிலிருந்து வந்தவர் என்றாலும் கேட்டுக்கொள்ள வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது, நம் தோற்றம் உள்ளவர்களுக்கு இது இன்னும் அவசியம்: இங்கே வேடம் எப்படிக் கொடுக்கிறார்கள்? 1951-இல் வந்த 'த கிங் அண்ட் ஐ' சயாமில் (இன்றைய தாய்லாந்தில்) நடப்பது. அதைப் போடும்போது மட்டும் உங்களைத் தேடி வந்து, மற்ற ஷோக்களில் கண்டுகொள்ளாத குழு வேண்டாம். அதேபோல் 1885-இன் 'மிகாடோ' ஜப்பானைப் பின்னணியாக வைத்து ஆங்கிலேய சமூகத்தைக் கிண்டல் செய்தது. வெள்ளை நடிகர்கள் ஜப்பானியர் போல ஒப்பனை போட்டு அதை ஆடுவது இன்று பலரைப் புண்படுத்துகிறது. 1986-இலேயே இங்கிலிஷ் நேஷனல் ஆப்பராவில் ஜோனதன் மில்லர் அந்தக் கதையை ஆங்கிலேயக் கடற்கரை ஹோட்டலுக்கு மாற்றிக் காட்டிவிட்டார். இந்தப் பேச்சை எடுத்தால் குழு எப்படிப் பதில் சொல்கிறது என்று கவனியுங்கள். யோசித்திருக்கிறார்களா என்பது உடனே தெரிந்துவிடும்.

3. எந்த ஷோவில் தொடங்கலாம்

கோரஸுக்கு நிறைய வேலை உள்ள ஷோவாகப் பாருங்கள். என்னைக் கேட்டால் முதல் தேர்வு 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்'. 1964-இல் பிராட்வேயில் வந்தது. ஜெர்ரி பாக் இசை, ஷெல்டன் ஹார்னிக் பாடல் வரிகள். கதை 1905-இல் ரஷ்யப் பேரரசின் ஒரு யூதக் கிராமத்தில் நடக்கிறது. ஏழைப் பால்காரர், ஐந்து பெண்கள், வீடு தேடி வரும் கல்யாணத் தரகர், அப்பா பேச்சை மீறி மாப்பிள்ளை தேர்ந்தெடுக்கும் மகள்கள். நமக்கு இதில் விளக்கம் எதுவும் தேவைப்படாது. கோரஸ் முழுவதும் அந்தக் கிராமத்து மக்கள். ஷோ தொடங்குவதே அவர்களை வைத்துத்தான். அப்பாக்கள், அம்மாக்கள், மகன்கள், மகள்கள் என நான்கு கூட்டம் ஒவ்வொன்றாக வந்து தன் தன் மெட்டைப் பாடும். பிறகு நான்கு மெட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே நேரத்தில் ஒலிக்கும். முதல் பத்து நிமிடத்திலேயே கோரஸ் என்றால் என்ன என்று உங்களுக்குப் புரிந்துவிடும்.

இரண்டாவது தேர்வு கில்பர்ட்-சலிவன், குறிப்பாக 'பைரட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' (1879). அதில் கடற்கொள்ளையர், போலீஸ்காரர், தளபதியின் மகள்கள் என்று மூன்று கோரஸ் உண்டு. ஓரிடத்தில் காதலர் இருவர் மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் உருகிப் பாட, அதைக் கேட்காதது போல் நடிக்கும் பெண்கள் கூட்டம் இரண்டு எண்ணிக்கையில் வானிலையைப் பற்றி விறுவிறுவென்று அரட்டை அடிக்கும். திஸ்ரமும் சதுஸ்ரமும் பழகிய காதுக்கு அது விருந்து.

ஒரு குழு எந்த ஷோவை எடுக்கிறது என்பதில் பணக் கணக்கும் இருக்கிறது. கில்பர்ட் 1911-இல் இறந்தார். அப்போதைய சட்டப்படி 50 ஆண்டு கழித்து, 1961 முடிவில் அவர் வரிகளின் காப்புரிமை தீர்ந்தது. அதனால் அந்த ஆப்பராக்களை யாரும் உரிமத் தொகை இல்லாமல் போடலாம். மற்ற மியூசிக்கல்களுக்கு உரிமம் வாங்கியாக வேண்டும். 'ஓக்லஹோமா', 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' தந்த ராட்ஜர்ஸ்-ஹாமர்ஸ்டைன் இருவரின் படைப்புகளுக்குக் கான்கார்ட் தியேட்ரிக்கல்ஸ், 'ஃபிட்லர்' போன்றவற்றுக்கு மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் என்று தனித்தனி நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரு தொழில்முறைக் குழு அதே ஷோவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தால் அமெச்சூர்களுக்கு அந்த உரிமம் கிடைக்காமலும் போகலாம். உரிமம் வாங்கிய பிறகும் வசனத்தையோ பாட்டையோ அனுமதியின்றி வெட்டக் கூடாது, மாற்றக் கூடாது. மேடையில் நடப்பதைப் படம்பிடித்து இணையத்தில் போடுவதும் பெரும்பாலும் தடைதான். வீட்டாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

4. ஆடிஷன்

முக்கிய வேடங்களுக்கு ஆடிஷன் கண்டிப்பாக இருக்கும். அந்த ஷோவிலிருந்தே ஒரு பாட்டின் பகுதியையும் இரண்டு பக்க வசனத்தையும் முன்பே கொடுத்துவிடுவார்கள். மேசைக்குப் பின்னால் டைரக்டர், இசையைப் பார்த்துக்கொள்ளும் மியூசிக்கல் டைரக்டர் (எல்லோரும் எம்.டி. என்பார்கள்), கொரியோகிராஃபர் மூவரும் உட்கார்ந்திருப்பார்கள்.

கோரஸுக்கு இவ்வளவு கெடுபிடி இருக்காது. எம்.டி. உங்களைப் பியானோ பக்கத்தில் நிறுத்தி, சின்ன ஸ்வர வரிசை ஒன்றை வாசித்து, அதை அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக மேலே ஏற்றிக்கொண்டே போவார். எதுவரை வசதியாக எட்டுகிறது என்று பார்ப்பார், அப்புறம் கீழே. அதை வைத்துப் பெண்களை சோப்ரானோ (மேல் குரல்), ஆல்ட்டோ (கீழ்க் குரல்) என்றும், ஆண்களை டெனர் (மேல் குரல்), பேஸ் (கீழ்க் குரல்) என்றும் பிரிப்பார். உச்சத்தைத் தொட்டுக் காட்டுகிறேன் என்று கத்த வேண்டாம். டெனருக்கு எந்தக் குழுவிலும் பஞ்சம்தான். மேலே ஓரளவு எட்டும் குரல் உள்ள ஆணாக இருந்தால் உங்களை உடனே பிடித்துப் போட்டுவிடுவார்கள்.

சொந்தமாக ஒரு பாட்டு கொண்டுவரச் சொன்னால், அதன் இசைத்தாளை உங்கள் குரலுக்குச் சரிவரும் சுருதியில் அச்செடுத்துக்கொண்டு போங்கள். கைப்பேசியில் கரோக்கி போட்டுப் பாடுவதைப் பல இடங்களில் விரும்பமாட்டார்கள். வசனம் படிக்கும்போது நீங்கள் இயல்பு என்று நினைக்கும் வேகத்தில் பாதியாகக் குறையுங்கள். உச்சரிப்பு நம்முடையதாக இருப்பது யாருக்கும் பிரச்சினை இல்லை. நம் வேகம்தான் கடைசி வரிசைக்குப் புரியாமல் போகிறது.

விண்ணப்பத்தில் 'முக்கிய வேடம் கிடைக்காவிட்டால் கோரஸில் இருக்கச் சம்மதமா' என்று ஒரு கட்டம் இருக்கும். தயங்காமல் அதில் டிக் போடுங்கள்.

5. உங்கள் குரல் வரிசை

இங்கேதான் நம்மவர்கள் திணறுகிறார்கள். இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும்.

நாம் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்திருந்தாலும் சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்திருந்தாலும், நம் காது மெட்டைப் பிடித்துக்கொண்டு போகும் காது. பத்துப் பேர் பாடினாலும் ஒரே மெட்டைத்தான் பாடுவோம். இங்கே ஒரே சொல்லை நான்கு கூட்டம் நான்கு வேறு ஸ்வரங்களில் பாடும். அந்த நான்கும் சேர்ந்தால்தான் அதற்குரிய ஒலி பிறக்கும். மெட்டு பெரும்பாலும் சோப்ரானோவுக்குப் போய்விடும். ஆல்ட்டோவுக்கு வருவது சில சமயம் ஒரே ஸ்வரமாக இருக்கும். பக்கத்தில் சோப்ரானோக்கள் ஏறி இறங்கி அழகாகப் பாடிக்கொண்டிருக்க, நீங்கள் எட்டு எண்ணிக்கைக்கு அதே இடத்தில் நின்று சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். ஒன்பதாவது எண்ணிக்கையில் அரை ஸ்வரம் கீழே இறங்கச் சொல்லியிருக்கும். நம் காது அந்த நேரம் மெட்டை நோக்கித்தான் ஓடும். அந்த அரை ஸ்வரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அது விழுந்தால் பாட்டின் நிறமே மாறும், விழாவிட்டால் எம்.டி. கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்திவிடுவார்.

இதற்கு நான் சொல்லும் வழி இது. முதல் நாளே எம்.டி.யிடம் உங்கள் குரல் வரிசைக்கான (உங்கள் கூட்டம் பாட வேண்டிய ஸ்வரங்களுக்கான) பயிற்சி ஒலிப்பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒத்திகையில் அந்த வரிசையைத் தனியாக வாசிக்கும்போது பதிவுசெய்ய அனுமதி வாங்குங்கள். வீட்டில் அதை மட்டும் கேட்டு, அதுவே ஒரு மெட்டு என்று நம்பும் அளவுக்குப் பாடுங்கள். மனப்பாடம் ஆன பிறகு முழுப் பாட்டையும் ஓடவிட்டு, எதிர்த்து உங்கள் வரிசையைப் பாடுங்கள். முதலில் வழுக்கும். விட்ட இடத்திலிருந்து திரும்பப் பிடியுங்கள். ஒத்திகையில் உங்கள் வரிசையைத் திடமாகப் பாடும் ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். வேறு வரிசைக்காரர் அருகே உட்கார்ந்தால் முதல் மாதம் முழுக்க அவர் மெட்டைத்தான் பாடுவீர்கள்.

ஸ்கோர், அதாவது இசைத்தாள் படிக்கத் தெரியாதே என்றால், பரவாயில்லை. நன்றாகப் பாடுகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. ஆனால் புள்ளி மேலே போனால் குரல் மேலே, கீழே வந்தால் கீழே, வெள்ளைப் புள்ளி நீளம், கறுப்புப் புள்ளி குறுகல் என்ற அளவுக்காவது பழகிக்கொண்டால் பாதி வேலை குறையும். உங்கள் வரிசை எது என்று ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் அம்புக்குறி போடுங்கள். உங்கள் முதல் ஸ்வரம் எங்கிருந்து கிடைக்கிறது என்று எழுதிவையுங்கள், உதாரணமாக 'பேஸ் கடைசியாகப் பாடியது' என்று. மூச்சு விடும் இடத்தில் ஒரு கால்புள்ளி. பென்சில் மட்டும்தான், பேனா கூடவே கூடாது. பெரும்பாலான ஷோக்களுக்கு ஸ்கோர் வாடகைக்குத்தான் வருகிறது. முடிந்ததும் ஒவ்வொரு குறியையும் அழித்துத் திருப்பித் தராவிட்டால் குழுவுக்குத் தண்டம் விழும்.

நம் பழக்கத்தில் இரண்டை மட்டும் மண்டப வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும். ஒன்று கமகம். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வளைந்து போவது தனிப் பாட்டில் அழகு. ஆனால் முப்பது பேர் சேர்ந்து கட்டும் ஒலியில் ஒருவர் வளைந்தால் மொத்தமும் கலங்கிவிடும். நேராக ஏறி நேராக இறங்குங்கள். இரண்டாவது, கடைசி எழுத்து. நாம் உயிரெழுத்தில் நீட்டி மெதுவாக முடிப்போம். இங்கே 'நைட்' என்றால் அந்தக் கடைசி 'ட்' எந்த எண்ணிக்கையில் விழ வேண்டும் என்று எம்.டி. சொல்லுவார், எல்லோருடைய வாயிலிருந்தும் ஒரே கணத்தில் அது வர வேண்டும். முப்பது 'ட்' முன்பின்னாக விழுந்தால் பார்வையாளருக்கு மழைத் தூறல் போலக் கேட்கும்.

இன்னொன்று, சுருதி நம் கையில் இல்லை. நம் வசதிக்கு ஒரு கட்டை குறைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. ஸ்கோரில் எழுதியிருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும்.

வீட்டில் பயிற்சிக்குத் திரைப்படத்தைப் போட்டுக்கொண்டு பாடாதீர்கள். மேடைப் பிரதியும் படமும் பல இடங்களில் ஒத்துப்போகாது. 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' 1959-இல் மேடைக்கு வந்தது, படம் 1965-இல். படத்தில் இடியும் மழையுமாக இருக்கும் இரவில் மரியா குழந்தைகளோடு பாடும் பாட்டை, மேடையில் அதற்கு முன்பே மடத்தில் தலைமைக் கன்னியாஸ்திரியோடு சேர்ந்து பாடுகிறாள். படத்துக்கென்றே எழுதிச் சேர்த்த பாட்டுகளும் உண்டு.

6. நடக்கவும் ஆடவும்

பாட்டு ஓரளவு பிடிபட்டதும் மேடை அசைவைச் சொல்லித்தரத் தொடங்குவார்கள். வலது, இடது என்றால் பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலது, இடது. 'அப்ஸ்டேஜ்' என்றால் பின்பக்கம், 'டவுன்ஸ்டேஜ்' என்றால் பார்வையாளர் பக்கம். ஒவ்வொரு அசைவையும் அதற்குரிய சொல்லுக்கு மேலேயே பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் டைரக்டரே மறந்துபோய் உங்களைக் கேட்பார்.

நடனம் வராது என்று பயப்படுகிறவர்கள் கொரியோகிராஃபரிடம் முதலிலேயே சொல்லிவிடலாம். ஆடுகிற கோரஸ், பாடுகிற கோரஸ் என்று பிரிப்பது வழக்கம்தான். பரதநாட்டியம் படித்தவர்களுக்கு எண்ணிக்கை சுலபமாக வரும். அரைமண்டியைத்தான் கொஞ்ச நாள் மறக்க வேண்டியிருக்கும்.

புத்தகத்தைக் கீழே வைத்துவிட வேண்டிய நாள் ஒன்றை அட்டவணையில் குறித்திருப்பார்கள். கோரஸ்தானே என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள். கையில் புத்தகம் இருக்கும்வரை கண் எம்.டி. மேல் போகாது, கை எதையும் நடிக்காது. பேச வசனம் இல்லாவிட்டாலும், நீங்கள் அந்தக் கிராமத்தில் யார், யாருக்கு உறவு, யாரோடு பகை என்று உங்களுக்கு நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். நல்ல டைரக்டர் இதைக் கேட்பார். கேட்காவிட்டாலும் செய்யுங்கள்.

7. ஆர்க்கெஸ்ட்ராவோடு முதல் நாள்

ஷோவுக்குச் சில நாள் முன்பு 'சிட்ஸ்ப்ரோப' என்ற ஒத்திகை வரும். நடிப்பு கிடையாது, எல்லோரும் உட்கார்ந்தபடி ஆர்க்கெஸ்ட்ராவோடு முழு ஷோவையும் பாடிவிடுவது. மாதக்கணக்கில் ஒற்றைப் பியானோவுக்குப் பழகிய காதுக்கு அன்று எல்லாமே புதிதாக இருக்கும். உங்கள் முதல் ஸ்வரத்தைப் பியானோ கொடுத்த இடத்தில் இப்போது கிளாரினெட் ஒன்று வேறெதையோ வாசித்துக்கொண்டிருக்கும். பதறாதீர்கள். எந்த வாத்தியத்திலிருந்து உங்கள் ஸ்வரம் வருகிறது என்று அன்றே கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைய வேலையே அதுதான். மற்றபடி அனுபவித்துப் பாடுங்கள். பத்துப் பதினைந்து வாத்தியம் கீழே எழ, பக்கத்தில் முப்பது குரல் சேர, உங்கள் வரிசை அதற்குள் சரியாகப் பொருந்தி உட்காரும் அந்த ஒலிக்காகவே நான் வருடா வருடம் திரும்பிப் போகிறேன்.

8. ஷோ வாரம்

அந்த வாரம் அலுவலகத்தில் இரண்டு மூன்று நாளாவது விடுப்போ சீக்கிரம் கிளம்ப அனுமதியோ வாங்கிவையுங்கள். பொதுவாக ஞாயிறன்று செட் உள்ளே வரும். திங்களன்று டெக்னிக்கல் ஒத்திகை. விளக்கையும் ஒலியையும் சரிபார்க்க நிறுத்தி நிறுத்திப் போவார்கள், இரவு நீளும். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், படிக்கப் புத்தகமும் எடுத்துக்கொள்ளுங்கள், முணுமுணுக்காதீர்கள். செவ்வாயன்று உடையோடு முழு ஒத்திகை. புதன் முதல் சனி வரை ஷோ. சனிக்கிழமை மதியமும் ஒன்று இருக்கும்.

திரைக்குப் பின்னால் ஒரு நீள மேசையைப் பார்ப்பீர்கள். அதன்மேல் பழுப்புக் காகிதம் விரித்து, டேப்பால் கட்டம் கட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பொருளின் பெயரை எழுதியிருப்பார்கள்: பால் செம்பு, ரொட்டிக் கூடை, மெழுகுவர்த்தி இரண்டு, தரகர் சால்வை. உங்கள் காட்சிக்கு முன் உங்கள் பொருளை அங்கிருந்து எடுப்பீர்கள், முடிந்ததும் அதே கட்டத்தில் திரும்ப வைப்பீர்கள். அடுத்தவர் பொருளை, நகர்த்தி வைக்கக்கூடத் தொடாதீர்கள். இருட்டில் கை நீட்டி எடுக்கிறவருக்கு அது அங்கே இருந்தாக வேண்டும்.

பிரிட்டிஷ் தியேட்டரில் நேரம் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது, தெரியாவிட்டால் குழப்பும். 'ஹாஃப்' என்று அறிவித்தால் திரை தூக்க இன்னும் 35 நிமிடம். எல்லாக் கணக்கும் திரை தூக்குவதற்கு 5 நிமிடம் முன்பு சொல்லும் 'பிகினர்ஸ்' என்ற அழைப்பை வைத்துத்தான். ஆக 7.30 ஷோவுக்கு 6.55-இல் 'ஹாஃப்', 7.10-இல் 'குவார்ட்டர்', 7.20-இல் 'ஃபைவ்', 7.25-இல் 'பிகினர்ஸ்'. 'ஹாஃப்' சொல்லும்போது நீங்கள் கட்டடத்துக்குள் இருந்தே தீர வேண்டும். முதல் காட்சியில் நீங்கள் இருந்தால் 'பிகினர்ஸ்' கேட்டதும் மேடை ஓரத்துக்குப் போய்விடுங்கள். அழைப்பு வரும்போது 'தேங்க்யூ' என்று பதில் சொல்வது மரியாதை, கேட்டுவிட்டேன் என்பதற்கு அடையாளமும் அதுதான்.

ஒப்பனைப் பெட்டியில் நம் நிறத்துக்கான ஃபவுண்டேஷன் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், உங்களுடையதை வாங்கிக்கொண்டு போங்கள். தோல் நிறக் காலுறை, உள்ளாடை விஷயத்திலும் அப்படியே: பட்டியலில் 'ஸ்கின் டோன்' என்று போட்டிருந்தால் அது உங்கள் நிறம்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால் அந்த வாரம் வேண்டாம், பொய்முடியும் தொப்பியும் வழுக்கும். மைக் பெரும்பாலும் முக்கிய வேடக்காரர்களுக்குத்தான். உங்களுக்கும் மாட்டினால் கன்னத்தில் ஒட்டிய டேப்பையும் இடுப்புப் பெட்டியையும் ஒலிக்காரர் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. மைக் ஆனில் இருக்கிறது என்று நினைத்தே மேடை ஓரத்தில் பேசுங்கள்.

மேடை ஓரத்தில் நிற்கும்போது ஒரு கணக்கு உண்டு: உங்களுக்குப் பார்வையாளர் தெரிந்தால் அவர்களுக்கும் நீங்கள் தெரிவீர்கள்.

பிள்ளைகளையும் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'ஆலிவர்', 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' போன்றவற்றில் குழந்தைகளுக்கு வேலை நிறைய உண்டு. அதற்கு உள்ளூர் கவுன்சிலின் அனுமதி தேவைப்படும், உரிமம் பெற்ற பொறுப்பாளர் கூடவே இருப்பார், பெரும்பாலும் இரண்டு அணியாகப் பிரித்து நாள் மாற்றி ஆடவிடுவார்கள். படிவங்களை வாரக்கணக்கில் முன்பே கேட்பார்கள், தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

9. கடைசி இரவு

சனிக்கிழமை கைதட்டல் அடங்கியதும் உடையைக் கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டு, பழைய சட்டையும் கனமான காலணியும் போட்டுக்கொண்டு மேடைக்குத் திரும்புங்கள். செட்டை அன்றிரவே பிரித்து லாரியில் ஏற்றியாக வேண்டும். கதாநாயகனும் பலகை தூக்குவார். குடும்பம் வாசலில் காத்திருக்கிறது என்று நழுவுகிறவர்களை எல்லோரும் கவனிப்பார்கள், நின்று உதவுகிறவர்களையும்தான். மேடையேறக் கூச்சமாக இருப்பவர்கள் முதல் ஷோவில் கறுப்பு உடை உடுத்தி இந்தப் பின்னணிக் குழுவிலேயே சேரலாம். செட் நகர்த்துவது, பொருள் மேசையைப் பார்ப்பது, டிக்கெட் கிழிப்பது என எல்லாவற்றுக்கும் ஆள் தேவை. ஒரு ஷோவை ஓரத்தில் நின்று பார்த்தவர் அடுத்ததில் கோரஸுக்கு வருவது இந்தக் குழுக்களில் சாதாரணம்.

அப்புறம் ஆண்டுப் பொதுக்கூட்டம் வரும். பலரும் அதற்குப் போவதில்லை. நீங்கள் போங்கள். அடுத்த ஷோ எது, டைரக்டர் யார், சந்தா எவ்வளவு என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படும், சந்தா கட்டிய உங்களுக்கும் ஒரு ஓட்டு உண்டு. கோரஸுக்கு வேலை இல்லாத ஷோவை யாராவது முன்மொழிந்தால் எழுந்து நின்று சொல்லுங்கள்.